நிமிர்வும் விறைப்பும்: ஆக்னெஸ் கெலெட்டியின் வாழ்க்கை சொல்லும் வரலாறு



அண்மையில், முதுமை எய்திய ஒரு சீருடற்பயிற்சி வீராங்கனையைப் பற்றிய குறும் ஆவணக் காணொளிகள் சிலவற்றைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. நூறு அகவையைத் தொடும் நிலையில் உள்ள அம்மையார், புடாபெஸ்ட் நகரத்தில் தம் இல்லத்தில் இருக்கிறார். பேச்சுக்கு நடுவே ஒரு காலை உயரத் தூக்கிக் காட்டுகிறார். பிறகு பள்ளிச் சிறுமியைப் போல வாய்விட்டுச் சிரிக்கிறார். அவர்தாம் ஹங்கேரி நாட்டின் ஆக்னெஸ் கெலெட்டி. ஒலிம்பிக் போட்டிகளில் 5 தங்கம், 3 வெள்ளி, 2 வெண்கலம் என 10 பதக்கங்களை வென்றவர். 1921ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் பிறந்து, 2025ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள், 104ஆம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில் மறைந்தவர். 2019ஆம் ஆண்டு முதல் தம் மறைவு வரையில், உயிரோடிருந்த ஒலிம்பிக் வாகையர் அனைவருள்ளும் மூத்தவராக விளங்கியவர்.

இத்தகைய படங்களைப் பார்ப்போர் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்துவிடுகின்றனர். முதுகை நேராக வைத்திருந்தால் நூறாண்டு வாழலாம் என்பதே அம்முடிவு. பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு அது மிகவும் பிடித்தமான முடிவும்கூட. "நேராக உட்கார்", "நிமிர்ந்து நில்" என்று ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம்! ஆயினும், கெலெட்டியின் வாழ்க்கையைச் சற்று ஆழ்ந்து படித்தால், அந்த நிமிர்ந்த முதுகுக்குப் பின்னால் இருநூறு ஆண்டுக்கால வரலாறு ஒன்று நிற்பது தெரியவரும். அவ்வரலாற்றை ஓர் உடல்நலக் குறிப்பாகச் சுருக்கிவிட முடியாது. அதனை இங்கே சற்று விரிவாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இரண்டு சொற்கள்

முதலில் மொழியிலிருந்து தொடங்குவோம். தமிழில் 'நிமிர்தல்' என்றொரு சொல் உண்டு. 'விறைத்தல்' என்றொரு சொல்லும் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் உடல் நேராகத்தான் இருக்கிறது. ஆனால், வளைந்திருந்த செடி நீர் கண்டதும் நிமிர்கிறது என்கிறோம். விறைக்கிறது என்று சொல்வதில்லை. குளிரில் கை விறைக்கிறது. அச்சத்தில் உடல் விறைக்கிறது. நிமிர்தல் உள்ளிருந்து எழுவது. விறைத்தல் வெளியிலிருந்து வந்து உடலைப் பிடித்துக்கொள்வது.

உடலின் நிலையைக் கொண்டு ஒருவரின் பண்பை அளக்கும் பழக்கமும் நம் மொழியில் ஆழ வேரூன்றியிருக்கிறது. தலைநிமிர்ந்து வாழ்ந்தான் என்றால் புகழ்ச்சி. கூனிக் குறுகி நின்றான் என்றால் இகழ்ச்சி. முதுகெலும்பு இல்லாதவன் என்றால் அதற்கு மேல் வசையே இல்லை. இந்தப் பழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் 'நேரான' என்னும் சொல்லுக்கு 'நேர்மையான' என்னும் பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதுகைப் பற்றிய பேச்சு எப்போது அரசியலாக மாறியது என்பதை அறிய, நாம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குச் செல்ல வேண்டும்.

தோல்வியில் பிறந்த பயிற்சி

1806ஆம் ஆண்டு ஏனா என்னுமிடத்தில் நெப்போலியனின் படை பிரஷ்ய நாட்டின் படையைச் சிதறடித்தது. அந்தத் தோல்வியின் அவமானம் ஆறாத நிலையில், பிரிடிரிக் லுட்விக் யான் என்னும் ஆசிரியர் 1811ஆம் ஆண்டு பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடே திடலில் ஒரு திறந்தவெளிப் பயிற்சிக்களத்தை அமைத்தார். இளைஞர்கள் அங்கே கம்பிகளில் தொங்கினர், இணைக் கம்பிகளில் உடலைத் தாங்கினர், கயிற்றில் ஏறினர். அவர்களின் உடலை வலுப்படுத்துவதே யானின் நோக்கம். அந்த வலுவைக் கொண்டு பிரெஞ்சுப் படையை வெளியேற்றுவது அதனினும் பெரிய நோக்கம். இன்று நாம் ஒலிம்பிக் அரங்கில் காணும் கருவிகள் பலவற்றின் மூலம் அந்தத் திடலில்தான் இருக்கிறது. பிறகு அதே பயிற்சிக்கழகங்களைக் கண்டு ஆட்சியாளர்களே அஞ்சினர். யான் 1819இல் சிறைப்பட்டார். 1820 முதல் 1842 வரை பிரஷ்யாவில் அப்பயிற்சி பொதுவெளியில் தடைசெய்யப்பட்டிருந்தது.

சுவீடனிலும் இதுவே நிகழ்ந்தது. 1809ஆம் ஆண்டு அந்நாடு பின்லாந்தை உருசியாவிடம் இழந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1813இல், பேர் ஹென்ரிக் லிங் என்பவர் ஸ்டாக்ஹோமில் அரசின் ஆதரவோடு உடற்பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். யானின் பயிற்சி கருவிகளை நம்பியது. லிங்கின் பயிற்சியோ உடலின் நிலையை நம்பியது. கட்டளைக்கு ஏற்பக் கையை உயர்த்துதல், தோளைப் பின்னிழுத்தல், மார்பை விரித்தல், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கோணத்தில் நிற்றல் ஆகியவை அதன் கூறுகள். ஆசிரியர் ஒருவர் முன்னே நிற்க, மாணவர்கள் வரிசையில் நின்று அசையும் உடற்பயிற்சி வகுப்பின் தாய்வடிவம் அதுதான்.

பிரித்தானியர்களை இந்தப் பக்கம் திருப்பியதும் ஒரு போர்தான். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது, தொழிற்சாலை நகரங்களிலிருந்து வந்த இளைஞர்களுள் மிகப் பலர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். உடல்நலச் சீர்கேட்டை ஆராய்ந்த அரசுக் குழு 1904இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1909இல் வந்த உடற்பயிற்சிப் பாடத்திட்டம் லிங்கின் முறையைத் தழுவியிருந்தது. அதன் சாயல் பிரித்தானிய ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளின் பள்ளிகளையும் எட்டியது. நம் மூத்தோர் 'டிரில்' என்று வழங்கிய பாடவேளையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் போருக்கு முன்பே அச்சம் வந்துவிட்டது. 1914இல் அங்கே உடல்நிலைக்கெனத் தனிக் கழகமே தோன்றியது. 1917இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களை ஆராய்ந்தோர், அவர்களுள் ஐவருக்கு நால்வர் சரியாக நிற்கவில்லை என்று அறிவித்தனர். அதன்பின் பல கல்லூரிகள் புதிய மாணவர்களை ஆடையின்றியோ அரைகுறை ஆடையோடோ நிறுத்திப் படம் எடுத்து, அவர்களின் முதுகுக்கு மதிப்பெண் போட்டன. இந்த வழக்கம் 1960கள் வரையிலும்கூட நீடித்தது என்பது இன்று நம்மை வியக்க வைக்கிறது.

இவை அனைத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒரு நாடு தன் வலிமையைப் பற்றி ஐயுறும்போதெல்லாம், அது முதலில் தன் பிள்ளைகளின் முதுகைப் பார்த்திருக்கிறது.

வாசல் அடைக்கப்பட்டவர்கள்

நாட்டின் உடலை வளர்க்கிறோம் என்று சொல்லும்போதே, யார் அந்த நாட்டைச் சேர்ந்தவர் என்னும் கேள்வியும் கூடவே எழுந்துவிடுகிறது. 1880களின் பிற்பகுதியில் வியன்னாவின் உடற்பயிற்சிக் கழகங்கள் யூத உறுப்பினர்களை வெளியேற்றத் தொடங்கின. யூதர்கள் வளைந்த முதுகினர், தட்டைப் பாதத்தினர், படைக்கு உதவாதவர் என்னும் இழிபேச்சு அக்கால ஐரோப்பாவில் மருத்துவ உண்மைபோல் உலவியது. இதற்கு மறுமொழியாக, 1898இல் பாசெல் நகரில் கூடிய இரண்டாம் சியோனிய மாநாட்டில் மாக்ஸ் நோர்டாவ் என்னும் மருத்துவர், தசைவலு மிக்க யூதர் என்னும் கருத்தை முன்வைத்தார். அதே ஆண்டு பெர்லினில் 'பார் கோக்பா' என்னும் யூதச் சீருடற்பயிற்சிக் கழகம் உருவாயிற்று. புடாபெஸ்டில் தோன்றிய 'வாக்' என்னும் யூத விளையாட்டுக் கழகமும் அதே காற்றில் முளைத்ததுதான்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இழிவுபடுத்தியவர்களும் முதுகைத்தான் பார்த்தனர். இழிவுக்கு மறுமொழி சொன்னவர்களும் முதுகைத்தான் நிமிர்த்தினர். வளைந்த முதுகு குற்றம் என்னும் அடிப்படையை இருசாராரும் கேள்வி கேட்கவில்லை.

அந்த 'வாக்' கழகத்தில்தான் ஆக்னெஸ் கிளைன் என்னும் சிறுமி பயிற்சி பெற்றார். கெலெட்டி என்பது அவர் பின்னாளில் ஏற்ற பெயர். ஹங்கேரி மொழியில் 'கிழக்கைச் சார்ந்த' என்பது அதன் பொருள். நான்கு அகவையில் பயிற்சியைத் தொடங்கிய அவர், செல்லோ என்னும் பெரிய நரம்பிசைக் கருவியை வாசிக்கவும் கற்றார். 16ஆம் அகவையிலேயே நாட்டின் வாகையர் பட்டத்தை வென்றார். அடுத்த இலக்கு 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக். போர் மூண்டதால் அந்தப் போட்டி நடக்கவில்லை. 1944ஆம் ஆண்டுப் போட்டியும் நடக்கவில்லை. ஒரு சீருடற்பயிற்சி வீராங்கனையின் உச்சப் பருவம் எனக் கருதப்படும் 19 முதல் 23 வரையிலான அகவைகள் இவ்வாறு கழிந்தன.

பெயரை மறைத்து வாழ்ந்த காலம்

போட்டிகள் நின்றுபோனது அவர் இழந்தவற்றுள் சிறியது. ஹங்கேரியில் 1938, 1939, 1941 ஆகிய ஆண்டுகளில் யூதர்க்கு எதிரான சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1941இல், யூதர் என்னும் ஒரே காரணத்தால் அவர் தம் கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1944 மார்ச் 19ஆம் நாள் செருமானியப் படை நாட்டுக்குள் நுழைந்தது. மே மாதத்தின் நடுவிலிருந்து சூலைத் தொடக்கம் வரையிலான எட்டு வாரங்களுக்குள் ஏறத்தாழ 437,000 யூதர்கள் தொடர்வண்டிகளில் ஏற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கே கொண்டுசெல்லப்பட்டனர்.

மணமான பெண்களை உழைப்பு முகாமுக்கு அனுப்பமாட்டார்கள் என்றொரு பேச்சை நம்பி, கெலெட்டி அவ்வாண்டு இஷ்ட்வான் ஷார்கான் என்னும் சக வீரரை அவசரமாக மணந்தார். பிறகு, கிறித்துவப் பெண் ஒருவரின் அடையாளத் தாள்களை விலைகொடுத்து வாங்கி, அப்பெண்ணாகவே மாறி, சால்க்சென்ட்மார்ட்டோன் என்னும் சிற்றூரில் வீட்டு வேலைக்காரியாகப் பணியாற்றினார். நாட்டின் வாகையராக மேடையேறியவர், இப்போது பிறர் வீட்டில் தரை துடைத்துக்கொண்டு, தம்மை யாரும் உற்றுப் பார்த்துவிடக் கூடாதே என்று வாழ்ந்தார். புடாபெஸ்ட் முற்றுகையிடப்பட்ட குளிர்காலத்தில், தெருக்களில் கிடந்த பிணங்களைக் காலைதோறும் திரட்டிப் பொதுக்குழியில் சேர்க்கும் பணியையும் அவர் செய்ய நேர்ந்தது.

அவருடைய தந்தையும் உறவினர் பலரும் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டனர். தாயும் சகோதரியும் உயிர்தப்பினர். சுவீடன் தூதரகத்தின் ரவுல் வாலன்பெர்க் வழங்கிய காப்புத்தாள்களே அவர்களைக் காத்தன.

இவ்விடத்தில் இன்னொரு குழுவையும் நினைவுகூர வேண்டும். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான சீருடற்பயிற்சி முதன்முதலாக இடம்பெற்றது. அதில் தங்கம் வென்றது நெதர்லாந்துக் குழு. அக்குழுவில் இருந்த யூதப் பெண்களுள் எஸ்டெல்லா அக்ஸ்டெரிபே அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். ஹெலேனா நோர்தைம், அன்னா போலாக், யூடிகே சிமோன்ஸ் ஆகிய மூவரும் சோபிபோர் முகாமில் கொல்லப்பட்டனர். பயிற்றுநர் கெரிட் கிளேரெகூப்பரும் அங்கேதான் மாண்டார். எல்கா டெ லேவி ஒருவரே எஞ்சினார்.

அவர்களின் முதுகும் நேராகத்தான் இருந்தது. ஓர் அரங்கமே எழுந்து கைதட்டும் அளவுக்கு நேராக இருந்தது. அது அவர்களைக் காக்கவில்லை. நிமிர்ந்து நின்றால் உலகம் நம்மை மதிக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம், இந்த ஐவரின் முடிவு எனக்கு நினைவுக்கு வருகிறது. மதிக்க மறுப்பவன் முதுகைப் பார்த்து முடிவு செய்வதில்லை. முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகுதான் முதுகைப் பார்க்கிறான்.

31இலும் 35இலும்

போர் முடிந்ததும் கெலெட்டி மீண்டும் கம்பிகளைப் பற்றினார். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிற்குத் தேர்வும் பெற்றார். ஆனால் போட்டிக்குச் சற்று முன்னர்க் கணுக்காலின் தசைநார் கிழிந்துவிட்டது. ஆக, 1940, 1944, 1948 என மூன்று ஒலிம்பிக்குகள் அவர் கையை விட்டுப் போயின.

1952ஆம் ஆண்டு, 31ஆம் அகவையில், அவர் ஹெல்சிங்கியில் முதன்முறையாக ஒலிம்பிக் அரங்கில் கால் வைத்தார். பெண்கள் தனித்தனிக் கருவிகளில் பதக்கம் வெல்லும் முறை அந்த ஆண்டுதான் தொடங்கியது. தரைப்பயிற்சியில் தங்கம், குழுப் போட்டியில் வெள்ளி, உயரம் வேறுபட்ட இரு கம்பிகளில் வெண்கலம், கையில் கருவி ஏந்திக் குழுவாகச் செய்யும் பயிற்சியில் இன்னொரு வெண்கலம். இந்தக் கடைசிப் பிரிவில் தங்கம் வென்றது லிங்கின் நாடான சுவீடன் என்பது ஒரு சுவையான செய்தி.

நான்கு ஆண்டுகள் கழித்து மெல்பர்ன். நம் வாசகர்க்கு அந்த ஆண்டு வேறொரு வகையிலும் நினைவிருக்கும். விடுதலைக்கு முந்திய மலாயா முதன்முதலாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது அங்கேதான். ஹங்கேரியர்க்கோ அது துயரம் சூழ்ந்த ஆண்டு. அக்டோபரில் வெடித்த மக்கள் எழுச்சியை நவம்பர் 4ஆம் நாள் சோவியத் பீரங்கி வண்டிகள் நசுக்கின. நவம்பர் 22இல் ஒலிம்பிக் தொடங்கியது. டிசம்பர் 6ஆம் நாள் ஹங்கேரியும் சோவியத் ஒன்றியமும் மோதிய நீர்ப்பந்தாட்டத்தில் குளத்து நீரில் குருதி கலந்த செய்தி உலகெங்கும் பரவியது. சொந்த நகரில் என்ன நிகழ்கிறது என்று சரியாகத் தெரியாத நிலையில்தான் கெலெட்டி சமன்விட்டத்தின் மீது ஏறினார்.

சமன்விட்டம் என்பது 5 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உடைய கட்டை. நம் உள்ளங்கையின் அகலத்தை விடச் சற்றே பெரியது. அதில் அவர் தங்கம் வென்றார். கம்பிகளில் தங்கம். தரைப்பயிற்சியில், சோவியத் வீராங்கனை லாரிசா லத்தினினாவோடு சமநிலையில் தங்கம். கையில் கருவி ஏந்திய குழுப் பயிற்சியிலும் தங்கம். ஒட்டுமொத்தப் பிரிவிலும் குழுப் போட்டியிலும் வெள்ளி. தாண்டுதலில் மட்டுமே பதக்கம் கிட்டவில்லை. ஒட்டுமொத்தப் பிரிவில் அவரை முந்திய லத்தினினாவுக்கு அப்போது 21 அகவை, கெலெட்டிக்கு 35. ஒலிம்பிக் சீருடற்பயிற்சியில் தங்கம் வென்ற பெண்களுள் மிக மூத்தவர் என்னும் சிறப்பு அன்று அவரைச் சேர்ந்தது.

போட்டி முடிந்ததும் அவர் நாடு திரும்பவில்லை. ஹங்கேரிக் குழுவினர் பலரைப் போல அவரும் ஆஸ்திரேலியாவில் அடைக்கலம் கோரினார். 1957இல் இசுரேல் சென்று குடியேறினார். 1959இல் ஓர் உடற்கல்வி ஆசிரியரை மணந்து இரு ஆண்மக்களுக்குத் தாயானார். விங்கேட் கழகத்தில் 34 ஆண்டுகள் உடற்கல்வி கற்பித்தார். அந்நாட்டின் தேசியக் குழுவையும் பயிற்றினார். விட்டுவந்த தாய்நாட்டை அவர் மீண்டும் பார்த்தது 1983இல், உலக வாகையர் போட்டி புடாபெஸ்டில் நடந்தபோதுதான். 2015இல் அங்கேயே திரும்பி வாழலானார். 2017இல் இசுரேல் அரசு தன் உயரிய விருதான இசுரேல் பரிசை அவருக்கு வழங்கியது.

தாம் பயிற்சி செய்ததற்குக் காரணம் பதக்கமோ உடல்நலமோ அன்று, உலகைச் சுற்றிப் பார்க்கும் ஆவலே என்று அவர் முதுமையில் பல நேர்காணல்களில் கூறியிருக்கிறார். நாட்டுக்காக உடலை வளர்க்கச் சொன்ன யானும் லிங்கும் இதைக் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பர். எனக்கோ இந்த விடைதான் நிமிர்வுக்கும் விறைப்புக்கும் இடையிலான கோட்டைத் தெளிவாக வரைந்து காட்டுகிறது. அந்த உடல் எந்த அரசுக்கும் உரியதாக இருக்கவில்லை. அது அவருக்கு உரியதாக இருந்தது.

உடலில் நிமிர்வு எப்படி நிகழ்கிறது?

வரலாற்றை விட்டுச் சற்று உடலுக்கு வருவோம். முதுகெலும்பு நேரான தடியன்று. பக்கவாட்டில் பார்த்தால் கழுத்தில் உள்நோக்கியும், மார்புப் பகுதியில் வெளிநோக்கியும், இடுப்பில் மீண்டும் உள்நோக்கியும் வளைந்திருக்கும். இந்த வளைவுகளே அதிர்ச்சியைத் தாங்கும் வில்லாகப் பயன்படுகின்றன. மார்பைப் புடைத்து, தோளைப் பின்னிழுத்து, படைவீரரைப் போல நிற்கும்போது இடுப்பின் வளைவு மிகுந்து தசைகள் விரைவில் சோர்கின்றன. அந்த நிலையில் நெடுநேரம் நிற்க யாராலும் இயலாது. அதனால்தான் "நேராக உட்கார்" என்று நாம் சொல்லி இரு நிமிடத்திற்குள் மாணவர் மீண்டும் சாய்ந்துவிடுகின்றனர். அது ஒழுங்கீனமன்று, தசையின் இயல்பு.

சமன்விட்டத்தில் நிற்பவரை உற்றுப் பாருங்கள். அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். உண்மையில் அவர் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கிறார். கணுக்காலும் இடுப்பும் நொடிக்கு நொடி சிறு திருத்தங்களைச் செய்துகொண்டிருக்கின்றன. உட்காது, கண், பாதத்தின் தொடுவுணர்வு ஆகிய மூன்றும் மூளைக்குச் செய்தி அனுப்பிய வண்ணம் இருக்கின்றன. உடலின் எடைமையத்தை 10 சென்டிமீட்டர் அகலத்திற்கு மேலேயே வைத்திருப்பதற்கான முயற்சி அது. விறைத்து நின்றால் விழுந்துவிடுவார். நிமிர்வு என்பது அசைவின்மையன்று. மிக நுண்ணிய அசைவு.

முதுமையில் முதுகு வளைவதற்குக் காரணங்கள் பல. எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் மெலிகின்றன. எலும்பு அடர்த்தி குறைந்து முன்பக்கம் நசுங்குகிறது. முதுகை நிமிர்த்தும் தசைகள் வலுவிழக்கின்றன. இவற்றுள் மூன்றாவதைப் பயிற்சியால் பெருமளவு தடுக்கலாம். முதல் இரண்டையும் ஓரளவே தடுக்க முடியும். பிறப்பிலேயே முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருப்போரும் உண்டு. எப்படி அமர்ந்தால் முதுகுவலி வராது என்பதற்கு எல்லார்க்கும் பொருந்தும் ஒரே விடையை மருத்துவ ஆய்வுகள் இதுவரை தரவில்லை. ஒரே நிலையில் நெடுநேரம் இராமல் அடிக்கடி நிலையை மாற்றுவதே நன்று என்றுதான் இயன்முறை மருத்துவர் பலரும் இன்று அறிவுறுத்துகின்றனர்.

சமநிலைப் பயிற்சிக்கோ வலுவான சான்று இருக்கிறது. 2019இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 108 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, உடற்பயிற்சி செய்யும் முதியோர் கீழே விழும் வீதம் 23 விழுக்காடு குறைகிறது என்று கண்டது. 2022இல் பிரேசிலில் 51 முதல் 75 அகவை வரையிலான 1,702 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று, 10 நொடி ஒற்றைக்காலில் நிற்க இயலாதோரிடையே அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு மிகுதியாக இருந்ததைக் காட்டியது. ஒற்றைக்காலில் நின்றால் ஆயுள் கூடும் என்பது இதன் பொருளன்று. நிற்க இயலாமை உடலின் பொதுவான நலிவைக் காட்டும் அடையாளமாக இருக்கலாம் என்பதே பொருள். கெலெட்டியின் நூறாண்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவர் நெடிது வாழ்ந்ததற்குப் பயிற்சி துணைநின்றிருக்கலாம். மரபும் நற்பேறும் துணைநின்றிருக்கும். கால்களை இருபுறமும் முழுதாக விரித்துத் தரையில் அமர வேண்டா என்று கடைசி ஆண்டுகளில் மருத்துவர்கள் அவரையும் தடுத்தனர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வகுப்பறைக்கு என்ன செய்தி?

ஆசிரிய நண்பர்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால் இறுதியாகச் சில சொற்கள்.

சபைகூடலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளிடம் "நிமிர்ந்து நில்" என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் கேட்பது விறைப்பைத்தான். அது நம் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிகிறது. பிள்ளையின் உடலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. பயன் தருவது வேறு. தரையில் ஒரு கோடு வரைந்து அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். ஒற்றைக்காலில் நின்று பந்தை எறிந்து பிடிக்கச் சொல்லுங்கள். சுவரோரம் தொங்கும் கம்பி இருந்தால் தொங்கவிடுங்கள். பாண்டி ஆடட்டும். சீருடற்பயிற்சிப் பாடவேளையைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் பாடவேளையாக மாற்றாமல் அவர்களுக்கே விட்டுவிடுங்கள். அரைமணி நேரத்திற்கு ஒருமுறை எழுந்து நிற்கவிடுங்கள். கட்டளை தராத நிமிர்வை ஆட்டம் தரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வளைந்த முதுகைக் கேலி செய்யும் பேச்சை வகுப்பில் இடம்பெற விடாதீர்கள். 'கூனன்', 'கூனி' என்று ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளை அழைக்கும்போது அது வெறும் விளையாட்டுப் பேச்சன்று. ஒரு முழு இனத்தை உடல் குறையுடையது என்று முத்திரை குத்திய பேச்சும் கேலியிலிருந்துதான் தொடங்கியது. மேலும், நம் மாணவர் பலரின் பாட்டிமார் இருள் பிரியும் முன் எழுந்து, பால்மரத்தின் அடிப்பட்டைவரை குனிந்து சீவி, காண்டா கம்பில் வாளி சுமந்து, தோட்டத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள். அவர்களின் முதுகு வளைந்துதான் இருக்கிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிக்கும்பொருட்டு அது வளைந்தது. தலைநிமிர்ந்து வாழ்தல் என்று நம் மொழி சொல்வதை அந்தக் கூனல் முதுகுகள் குறைவின்றிச் செய்திருக்கின்றன.

கெலெட்டியின் காணொளியை மாணவர்க்குக் காட்டுவதாக இருந்தால், காலைத் தூக்கும் காட்சியோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் பெயரை மாற்றிக்கொண்டு தரை துடைத்த ஆண்டையும் சொல்லுங்கள். மூன்று ஒலிம்பிக்குகளை இழந்த பிறகு 31ஆம் அகவையில் தொடங்கியதையும் சொல்லுங்கள். மூத்த மாணவராயின் அந்த நெதர்லாந்துப் பெண்களின் பெயர்களையும் சொல்லுங்கள். நேரான முதுகு எப்படி இருக்கும் என்பதை அவர்களாகவே பார்த்துக்கொள்வார்கள். அது எதற்காக என்பதைத்தான் நாம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.